ஹரீஷ்குமாருக்கு மட்டும் ஏழு கிலோமீட்டர்

ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, காவேரிப்பட்டணத்திலிருந்து நாகரசம்பட்டிக்குப் போகும் ஆற்றோரச் சாலை ஹரீஷ்குமார் என்கிற ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஐந்து கிலோமீட்டர் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கு அது பழைய நீளத்திலேயே இருந்தது. அந்த வாரம் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி கிலோ பதினான்கு ரூபாய்க்குப் போனது. தென்பெண்ணையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. ஓசூரில் ஒரு கம்பெனி மூன்றாவது ஷிப்டை நிறுத்தியது. இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்ததால், சாலை நீண்டதை யாரும் தனியாக எடுத்து வைத்துப் பேசவில்லை.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் சாலையை அகலப்படுத்தினார்கள். காண்டிராக்டர் ஆட்கள் ஓரத்தில் இருந்த பழைய மைல்கற்களைப் பிடுங்கிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, புதுக் கற்களை நட்டுக்கொண்டே போனார்கள். அந்தப் பாதையில் முப்பத்தொரு வருஷமாகப் புல் செதுக்கி, குழிக்குத் தார் ஊற்றி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வந்தவர் சாலைப் பணியாளர் கோவிந்தன். டிரைவர் லாரிக்கும் தையல்காரர் மிஷினுக்கும் பொட்டு வைப்பதுபோல, ஆயுத பூஜையன்று சாலைப் பணியாளர்கள் மண்வெட்டி, கடப்பாரை, தார் வாளியோடு மைல்கல்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். கோவிந்தன் அன்றைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பி, குனிந்த தலை நிமிராமல், பழக்கத்தில் ஒவ்வொரு கல்லாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். 'நாகரசம்பட்டி 7' என்று எழுதியிருந்த கல்லுக்குப் பட்டை போட்டு, மாலை சாத்தி, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டி முடித்த பிறகுதான் அது நிற்கவில்லை, பள்ளத்தில் படுத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தார். பூஜை வாங்கிக்கொண்ட கல்லைப் பள்ளத்தில் விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. பழைய இடத்திலேயே நடலாம் என்றால் அங்கே புதுக் கல் நின்றது. ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றால் சச்சரவு வரும். ஆகவே தார் வண்டியில் ஏற்றி, ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், தான் மத்தியானம் சோறு தின்கிற புங்கமரத்தடியில் நட்டுவிட்டு வந்தார். அங்கிருந்து நாகரசம்பட்டி இரண்டே கிலோமீட்டர். கல் மட்டும் ஏழு என்றது. அந்தப் பக்கத்து ஆட்கள் கல்லைப் படித்துப் பார்த்து வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை என்பதால் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. இரண்டே நாளில் யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கெம்பம்மா, எதிரே ஒரு சாக்கை விரித்து, கொய்யாப்பழத்தோடு எலுமிச்சம்பழமும் சூடமும் வைத்து விற்க ஆரம்பித்தாள்.

ஹரீஷ்குமார் ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தான். தலைமுடியின் கனத்தை இருபது பங்காகப் போட்டு, அதில் ஒரு பங்கு கூடினாலும் சாமானைச் சிவப்புக் கூடையில் போடுகிற வேலை. அந்த வேலை அவனோடு வீட்டுக்கும் வந்துவிடும். கல்யாணத்தன்று தாலிக்கயிறு இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று குனிந்து பார்த்தவன் அவன் என்று பெண் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சைக்கிள் ஓட்டினான். கம்பெனி ஆட்கள் கொஞ்சம் பேர், காரின் தலைமேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் பேர் என்று முப்பது பேருக்கு அவன் வழி போட்டுக் கொடுத்தான். மொத்தம் நாற்பத்தொரு வழிகள். எந்த வளைவில் ஏற்றம், எந்த ஊரில் நாய் துரத்தும், எங்கே டீ குடிக்கலாம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் எத்தனை மணிக்கு மேல் யானை ரோட்டைக் கடக்கும் என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அவன் போட்ட தூரத்தில் இதுவரை நூறு மீட்டர் பிசகியதில்லை. இருபத்து மூன்றாம் வழிதான் நாகரசம்பட்டிக்குப் போவது: ஓசூரிலிருந்து கெலமங்கலம், ராயக்கோட்டை, அங்கிருந்து மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றை ஒட்டிப் போனால் எழுபத்தொரு கிலோமீட்டர். போகும்போது பெரும்பாலும் இறக்கம். வரும்போது அதற்கெல்லாம் சேர்த்து ஏற்றம். அந்த ஊர் அவன் மாமியார் வீடு.

அளவில் இவ்வளவு கறாரான ஆள் ஒரே ஒரு விஷயத்தில் பொய் சொல்வான். கல்யாணமான புதிதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் மனைவி சௌமியா போன் பண்ணுவாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பாள். அவன் அப்போது உத்தனப்பள்ளியில் இருந்தாலும் சரி, ஆந்திரா எல்லையில் இருந்தாலும் சரி, "ஏழு கிலோமீட்டர்தான், வந்துட்டன்" என்பான். இந்த ஏழு என்கிற எண்ணையும் அவன் சும்மா எடுக்கவில்லை. பத்து என்றால் திட்டு விழும். ஐந்து என்றால் அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள். ஏழு என்பது திட்டுக்கும் தோசைக்கும் நடுவில் துல்லியமாக விழுகிற எண். இரண்டு வருஷம், நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமை, அந்த எண் ஒருமுறைகூடத் தவறவில்லை. சௌமியாவும் அடுப்புப் பக்கம் போகாமல், போன் பக்கமும் போகாமல், நடுவில் உட்கார்ந்து பழகிவிட்டாள்.

அவள் அக்காவின் வளைகாப்பு ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்தரைக்குக் கிளம்ப வேண்டும். பட்டுப்புடவை கட்டி, வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சௌமியா ஓசூரில் அவர்கள் குடியிருந்த போர்ஷனின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதுக்குக் கேட்டபோது ஏழு கிலோமீட்டர். பத்துக்குக் கேட்டபோது ஏழு கிலோமீட்டர். பன்னிரண்டுக்கும் ஏழுதான். அவன் அன்றைக்குப் புதிதாக நாற்பத்திரண்டாம் வழி ஒன்றை அளந்துகொண்டிருந்தான். மாலை நாலு மணிக்கு வந்து சேர்ந்தபோது, சௌமியா பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு, சாதாரணப் புடவையில், ஒரு பையோடு வாசலில் நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. ஊருக்குப் போகிறேன் என்றாள். எப்போது வருவாய் என்று அவன் கேட்டான்.

"நீங்க வாங்க. அந்த ஏழு கிலோமீட்டர் முடிஞ்சதும் வாங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

ஒரு வாரம் வீம்பாக இருந்துவிட்டு, பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை அழைக்க ஹரீஷ்குமார் சைக்கிளில் கிளம்பினான். எட்டரை மணிக்குப் புங்கமரத்தைத் தாண்டும்போது மஞ்சள் துணி கட்டிய கல்லில் 7 என்றிருந்ததைப் பார்த்தான். தப்பான கல், இங்கே 2 என்று இருக்க வேண்டும், ஆபீசில் எழுதிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனான். இரண்டு கிலோமீட்டர் போனான், ஊர் வரவில்லை. ஒரு சின்ன மேடு வந்தது. அதற்கு முன் அங்கே மேடு கிடையாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பு, பச்சைக் கதவு போட்ட ஒரு பம்ப்செட் ரூம், இடது கைப்பக்கம் ஆறு. மூன்றாவது கிலோமீட்டரில் போன் அடித்து, கர்நாடகாவுக்கு நல்வரவு என்று ஒரு செய்தி வந்தது. கர்நாடகா அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் பின்னால் இருந்தது. நாலாவதில் ஆந்திராவும் வரவேற்றது. ஐந்து முடிந்தபோது ஒரு புங்கமரமும், மஞ்சள் துணி கட்டிய கல்லும், எதிரே சாக்கு விரித்து ஒரு பொம்பளையும் வந்தார்கள். கல்லில் நாகரசம்பட்டி 7 என்றிருந்தது. யாரோ நாலைந்து கல்லுக்கு இதே மாதிரி துணி கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு அவன் மேலே போனான். ஐந்தாவது சுற்றில்தான் கொய்யாப்பழக் கூடையில் அதே பழத்தில் அதே கிளி கொத்திய அடையாளம் இருப்பதைக் கண்டுபிடித்தான். அன்றைக்குப் பதின்மூன்று தடவை அவன் தன் முன்னால் போனதாகவும், ஒரு தடவைகூட எதிர்ப்பக்கமிருந்து திரும்பி வரவில்லை என்றும் கெம்பம்மா சொன்னாள். ஒரே பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும் ஆள் எப்படி மறுபடி மறுபடி வருகிறான் என்று அவளும் கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறாள். பிறகு மத்தியான வியாபாரம் வந்துவிட்டது.

கடைசியில் அவன் கல்லின் பக்கத்தில் நின்று சௌமியாவுக்குப் போன் பண்ணினான். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். அவன் கல்லைப் பார்த்தான். ஏழு கிலோமீட்டரில் இருக்கிறேன் என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. அவள் போனை வைத்துவிட்டாள். அவன் கல்லைப் படம் பிடித்து அனுப்பினான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்கு என்ன பொருள் என்று ராயக்கோட்டை ஏற்றம் முழுக்க யோசித்துக்கொண்டே அவன் ஓசூருக்குத் திரும்பினான்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்காமல் விடுகிற வேலை இல்லை அவனுடையது. ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருந்த பஷீர் அஹமதிடம் சைக்கிளில் மாட்டியிருந்த தூர மீட்டரைக் காட்டக் கொண்டுபோனான். பஷீர் சக்கரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, கடை முழுக்க உருட்டி, டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மீட்டர்ல ஒண்ணும் இல்ல தம்பி. ரோட்டைக் கழட்டி எடுத்துட்டு வா, பாத்துடலாம்" என்றார். அடுத்த ஞாயிறு சைக்கிளை விட்டுவிட்டு, காவேரிப்பட்டணத்தில் டவுன் பஸ் ஏறினான். பஸ் புங்கமரத்தை நாலு தடவை தாண்டியது. நாலாவது தடவை கண்டக்டர் மாரிமுத்து விசில் அடித்து நிறுத்தினார். டிக்கெட் வாங்கின எல்லாரையும் ஒரு நோட்டம் விட்டார். உள்ளூர் முகமாக இல்லாத ஒரே ஆள் ஹரீஷ்குமார்தான். டிக்கெட்டுக் காசைக் கையில் திருப்பிக் கொடுத்து, கோபமில்லாமல், மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார். அவன் இறங்கிய மூன்றாவது நிமிஷம் பஸ் நாகரசம்பட்டியில் நின்றது. இன்னொரு ஞாயிறு கிருஷ்ணகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு போய், போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து, அதாவது ஊருக்குப் பின்பக்கமாக வந்தான். அந்தப் பக்கம் கல்லே கிடையாது. ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கோயில் மைக்செட் கேட்டது. சந்தோஷமாக ஒரு வளைவு திரும்பினான். கெம்பம்மா கொய்யாப்பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடியும் வந்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டாள். அவளே ஒரு யோசனையும் சொன்னாள்: முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து போனால் கல்லுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அவன் அப்படியும் நடந்தான். ஒரு மணி நேரம் கழித்து குதிகாலில் எதுவோ இடித்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

தன் குழுவையும் ஒருமுறை இருபத்து மூன்றாம் வழியில் கூட்டிப் போனான். பதினான்கு பேரும் நாகரசம்பட்டி போய்ச் சேர்ந்து, இட்லி தின்று, அவனுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். புங்கமரம் வரைக்கும் அவன்தான் முன்னால் போனான் என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு யார் முன்னால் போனார்கள் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

அவன் மாமனார் வெங்கடப்பன் தினமும் காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை இறுக்கமான சைக்கிள் சட்டையோடு நிற்பதையும் பார்ப்பார். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணின் அப்பா, பாதி வழியில் போய் மாப்பிள்ளையை அழைத்து வந்தால் ஊரில் பேச்சாகிவிடும். ஆகவே புங்கமரம் வந்ததும் அவர் ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தபடியே போய்விடுவார். ஒருமுறை மட்டும் ஹரீஷ்குமார் "மாமா" என்று கூப்பிட்டான். வண்டியை நிறுத்தாமல், ஆற்றைப் பார்த்தே, "இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர் மாப்ள. எருமை தானா வந்து சேருது" என்றார். எருமை உண்மையிலேயே அப்போதுதான் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவன் எருமையின் பின்னாலேயே போய்ப் பார்த்தான். முதல் மேட்டில் எருமை காணாமல் போனது.

கார்த்திகையில் அவன் கோவிந்தனைத் தேடிப் போனான். கல்லை எடுக்கச் சொன்னான். கோவிந்தன் தூக்குப்போசியைத் திறந்து களியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். இது பூஜை போட்ட கல்லு சார், எடுக்கிறதுக்கு இல்லை. வேண்டுமானால் எண்ணை மாற்றித் தருகிறேன், எண்ணுக்குப் பூஜை போடவில்லை என்றார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ஏழு என்பதை அழித்து இரண்டு என்று கறுப்புப் பெயிண்டில் எழுதினார். ஹரீஷ்குமார் படித்தான். கெம்பம்மாவைக் கூப்பிட்டு, அவளுக்கும் இரண்டாகத்தான் தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டான். பெயிண்ட் காய்ந்த பிறகு கிளம்பினான். மேடு வந்தது, மாந்தோப்பு வந்தது, பச்சைக் கதவு வந்தது, கர்நாடகா வந்தது, ஆந்திரா வந்தது, கெம்பம்மா வந்தாள். கல்லில் இரண்டு என்று இருந்தது. கோவிந்தன் தலையைச் சொறிந்துகொண்டார்.

"கல்லு மாறிடுச்சு. ரோடு மாறல. அப்ப கல்லுகிட்ட கோளாறு இல்ல சார்" என்றார். பிறகு, தை மாதத்தில் துணி மாற்ற வந்தவர்கள் சாமி எண்ணை யார் மாற்றியது என்று கேட்டதால், மறுபடி ஏழே எழுதிவிட்டார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சௌமியாவிடமிருந்து போன் வரவில்லை. ஹரீஷ்குமார் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் ஒன்பதுக்குச் சைக்கிளை ஓரம் கட்டி, போனைக் கையில் எடுத்து, சார்ஜ் இருக்கிறதா, டவர் இருக்கிறதா என்று பார்ப்பான். இரண்டும் இருக்கும். கம்பெனியில் அவன் சிவப்புக் கூடையில் போட வேண்டிய சாமானைப் பச்சைக் கூடையில் போட்டதாக ஒரு தடவையும், நல்ல சாமான் ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றதாக ஒரு தடவையும் புகார் வந்தது. நாற்பத்திரண்டாம் வழிக்குத் தாளே போடவில்லை.

மாசி பிறந்ததும் வெங்கடப்பன் சொல்லி அனுப்பினார். வருகிற மூன்றாம் ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் நாலு பேர் எங்கள் வீட்டில் உட்காருகிறார்கள். மாப்பிள்ளை நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம். வராவிட்டால், வர விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, சீர் கொடுத்த பாத்திரங்களைத் திருப்பி எடுப்பதிலிருந்து மற்ற எல்லாவற்றையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுவோம். நாலு மாசமாகப் பார்க்கிறேன், ரெண்டு கிலோமீட்டர் தாண்டி வர மனசில்லாதவனுக்குப் பெண்ணைக் கட்டி வைத்து என்ன பண்ணுவது என்று அவர் கேட்டதாகவும் சொல்லி அனுப்பப்பட்டது. ஹரீஷ்குமார் கல்லைப் பற்றிச் சொன்னான். செய்தி கொண்டுவந்தவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, அதைப் பெரியவர்களிடம் சொல்ல முடியாது என்றார்.

அந்த ஞாயிறு அவன் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டான். எட்டே காலுக்குக் கல். கெம்பம்மா அப்போதுதான் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். அவன் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெடலை மிதித்தான். பன்னிரண்டு நிமிஷத்தில் அதே கல்லுக்கு வந்து சேர்ந்தான். இரண்டாவது பழம் வாங்கவில்லை. மூன்றாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்தான். நாலாவதில் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தோளில் சுமந்தான். பத்தேகாலுக்கு ஒன்பதாவது சுற்று. கெம்பம்மா ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி, ஓட்டிக்கொண்டிருந்தவன் கையில் திணித்தாள். பத்தாவது சுற்றில், பச்சைக் கதவு பம்ப்செட் ரூமுக்கு முன்னால் மீட்டர் அணைந்துபோனது. அவன் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினான். மணி பத்து நாற்பது. அப்போது போன் அடித்தது.

அவள்தான். பின்னால் பாத்திரச் சத்தமும், பெரியவர்கள் டீ குடிக்கும் சத்தமும் கேட்டன.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

ஏழு என்கிற எண் பழக்கத்தில் அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கல் பின்னால் எங்கேயோ நின்றுவிட்டது. மீட்டர் இருட்டாக இருந்தது. போன் திரையில் ஒரு மூலையில் கர்நாடகாவும் ஒரு மூலையில் ஆந்திராவும் நல்வரவு சொல்லிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கத்திலிருந்து எதை அளப்பது என்று அவனுக்குப் புரியவில்லை.

"தெரியல" என்றான்.

"தெரியலன்னா?"

"எங்க இருக்கன்னு எனக்குத் தெரியல, சௌமியா. எடது கைப்பக்கம் ஆறு இருக்குது. ஒரு மாந்தோப்பு, பூ விட்டிருக்குது. பச்சைக் கதவு போட்ட பம்ப்செட் ரூம். நாலு மாசமா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இங்கதான் சுத்திட்டு இருக்கன். உங்க ஊர் வர மாட்டேங்குது."

பெரியவர்களில் ஒருவர் மிக்சர் கேட்டது போனில் கேட்டது.

"எங்க ஊர்ல பச்சைக் கதவு போட்ட பம்ப்செட் ரூமே இல்லியே" என்றாள்.

"இல்லதான்."

"பூ விட்டிருக்குதுன்னு சொன்னீங்களே, காயா பூவா?"

"பூதான். கொஞ்சம் பிஞ்சும் இருக்குது."

"அங்கயே நில்லுங்க. ஒரு அடி நகராதீங்க. நான் வர்றன்" என்று வைத்துவிட்டாள்.

நாலு பெரியவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, சௌமியா தன் அப்பாவின் எக்ஸ்எல்லை எடுத்தாள். பால் கேனைக் கழற்றக்கூட இல்லை. ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாள். புங்கமரம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பிறந்து வளர்ந்த இருபத்தாறு வருஷத்தில் பார்த்திராத ஒரு மேடு வந்தது. அவள் கியர் இல்லாத வண்டியை முறுக்கிக்கொண்டு ஏறினாள். அந்த எக்ஸ்எல்லில் மீட்டர் ஓடாமல் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆகவே அவள் எவ்வளவு தூரம் வந்தாள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மாந்தோப்பு ஓரத்தில், பச்சைக் கதவுக்கு முன்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சொன்னபடி ஓர் அடிகூட நகராமல் ஹரீஷ்குமார் நின்றுகொண்டிருந்தான். கையில் பாதி கொய்யாப்பழம் இருந்தது.

சௌமியா தோப்பைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். போய்க் கதவைத் தட்டிப் பார்த்தாள்; உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மெலிந்துவிட்டதை மட்டும் பார்க்காத மாதிரி இருந்தாள். உட்காருங்கள் என்றாள். அவன் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு பால் கேனுக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

"இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டான்.

"பேசாம வாங்க" என்றாள்.

அவன் பேசாமல் வந்தான். முதல் மேடு போனது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. வளைவு திரும்பும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது மாமனார் வீட்டு வாசலில் பெரியவர்களின் செருப்பு நாலு ஜோடி இருந்தது. மணி பதினொன்று இருபது. பதினோரு மணிக்கு வராவிட்டால் பேசி முடித்துவிடுவதென்று இருந்த பெரியவர்கள் டீயும் மிக்சரும் முடிந்து, கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர், மாப்பிள்ளை இவ்வளவு நேரம் எங்கே இருந்தார் என்று பொதுவாகக் கேட்டார். ஹரீஷ்குமார் வாயைத் திறந்தான். அதற்குள் சௌமியா சைக்கிளை அவன் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டே சொன்னாள்.

"வழியிலதான் இருந்தாரு."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். மறுபடி டீ வந்தது. வெங்கடப்பன் எழுந்து போய் எக்ஸ்எல்லின் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். செம்மண் இல்லை, அந்தப் பக்கத்தில் இல்லாத கரிசல். அதைக் கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு, நல்ல மண்ணு என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் சாலை குறையவில்லை. சௌமியா ஓசூர் திரும்பிவிட்டாள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிறான், ஒன்பதுக்கு அவள் போன் பண்ணுகிறாள். அவன் இப்போது எண் சொல்வதில்லை. செங்கல் சூளை இருக்குது என்றால் அவள் குளிக்கப் போவாள். பெரிய ஆலமரம் இருக்குது என்றால் சட்னி அரைப்பாள். கம்பெனி பஸ் நிற்கிற ஷெட் என்றால் தோசைக்கல்லை வைப்பாள். நாகரசம்பட்டிக்குப் போகிற மாதங்களில் அவள் முதல் நாளே பஸ்ஸில் போய்விடுகிறாள். அவன் சைக்கிளில் வந்து பச்சைக் கதவு வரைக்கும் போய் நின்றுகொண்டு போன் பண்ணுவான், அவள் எக்ஸ்எல்லில் வந்து ஏற்றிக்கொண்டு போவாள். வெங்கடப்பன் ஒரு நாள் கிராம அலுவலகத்துக்குப் போய், யார் பேரிலும் இல்லாத ஐந்து கிலோமீட்டர் நிலத்துக்குப் பட்டா யாரிடம் கேட்பது என்று விசாரித்தார். அங்கே சர்வே எண் கேட்டார்கள். அவர் திரும்பி வந்துவிட்டார். அந்த வருஷம் வைகாசியில் சௌமியா அந்தத் தோப்பிலிருந்து இரண்டு கூடை மாங்காய் பறித்து வந்தாள். செந்தூரா ஜாதிதான், கொஞ்சம் புளிப்பு தூக்கல் என்றார் மண்டிக்காரர். அன்றைய விலைதான் கொடுத்தார்.

இருபத்து மூன்றாம் வழியின் தாளை ஹரீஷ்குமார் திருத்தி அடித்துக் கொடுத்திருக்கிறான். ராயக்கோட்டை இறக்கத்தில் ஜல்லி கிடக்கிறது, பார்த்துப் போகவும். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இரண்டு நாய்கள். புங்கமரத்தடியில் கொய்யாப்பழம் நன்றாக இருக்கும். மொத்தத் தூரம் எழுபத்தொரு கிலோமீட்டர். ஹரீஷ்குமாருக்கு மட்டும் எழுபத்தாறு, வந்து கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் அந்தத் தாளை மடித்து முதுகுப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். நாய்களைப் பற்றித்தான் கேள்வி கேட்கிறார்கள்.